போட்டு என்று எழுதிய பக்கம்

மாவட்டங்களைப் பிரித்தபோது எங்களுக்கு ஒரு கடல் கிடைத்தது. அதுவரை நாங்கள் சித்தூர் மாவட்டத்துக்காரர்கள். ஏரியையும் போர்வெல்லையும் தவிர வேறு தண்ணீரைச் சொந்தம் என்று சொல்லிப் பழகாதவர்கள். ஓர் அரசாணை வந்தது. சத்தியவேடு திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு கடற்கரையும் சேர்ந்தது. பேப்பரில் வந்த வரைபடத்தை மகள் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே விரித்து, நீல நிறம் தொடங்கும் இடத்தை விரலால் தடவிக் காட்டினாள்.

"பாரு நைனா, நமக்கும் சமுத்திரம் வந்துக்கினு கீது."

"சமுத்திரம் வரட்டும்," என்றாள் என் மனைவி. "மொதல்ல மாடி டேங்குக்குத் தண்ணி வந்துச்சா பாரு."

அந்தக் கடலின் ஓர் உப்பங்கழியில்தான் என் மகள் விழுந்தாள். தூக்கிவிட்டார்கள். இடது மணிக்கட்டில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்தும் பல மாதங்கள் ஆகின்றன. அவள் மறுபடியும் வேலைக்குப் போகிறாள், மறுபடியும் சிரிக்கிறாள். எனக்குத்தான் அந்தக் காலை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அவள் ஏறி நின்ற இரும்புப் பெட்டி சரிந்ததற்குக் காரணம் என் நோட்டில் நானே எழுதிய ஒரு சொல். எழுதிவைத்தாலாவது போகுமா என்று பார்க்கிறேன்.

சத்தியவேட்டுக்கும் நாகலாபுரத்துக்கும் இடையில், மாந்தோப்புகள் முடியும் இடத்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. பெரிய கொட்டகை, இரண்டு கிரேன், நாற்பது வெல்டர்கள். அதில் நான் சேர்வதற்கு முன்பு சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலைகளுக்குத் தொட்டி செய்யும் இடத்தில் இருந்தேன். உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது, அவ்வளவுதான் அந்தத் தொழில். வெளியே வந்தால் தரையெல்லாம் மஞ்சள் ஆகும், ஈ மொய்க்கும், ஆலைக்காரர் கத்துவார். பெரும்பகுதி வயதை அப்படிக் கழித்த ஒருவனைக் கூப்பிட்டு, எங்கள் முதலாளி ஒரு நாள், கழியில் மிதக்கும் படகுத்துறை ஒன்றுக்கு நான்கு பெட்டிகள் செய்ய வேண்டும், நீங்கள்தான் புராஜெக்ட் மேனேஜர் என்றார். ஒவ்வொரு பெட்டியும் ஒரு லாரி நீளம், ஆள் உயரத்துக்கு மேல் உயரம். உள்ளே காற்று மட்டும். இனிமேல் வெளியே இருப்பது உள்ளே போகக் கூடாது. தொழில் ஒன்றேதான், பக்கம் மட்டும் மாறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படகுத்துறையைக் கட்டும் கம்பெனியில்தான் என் மகள் சைட் இன்ஜினியர். திருப்பதியில் படித்தவள். சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். உடனே சட்டம் போட்டாள்.

"வேலைல நான் உன்ன சாருன்னுதான் கூப்புடுவேன். நீ என்ன மேடமுன்னு கூப்புடணும்."

"ஏம்மா, பேர் சொன்னா ஆகாதா?"

"பேர் சொன்னா, அடுத்தது துன்னியாம்மான்னு கேப்ப. மீட்டிங்ல எல்லாரும் சிரிப்பாங்க."

அது உண்மை. கேட்டிருப்பேன்.

முதலாளி என்னைத் திருச்சானூரில் ஒரு வகுப்புக்கு அனுப்பினார். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில், கல்யாண நாற்காலிகள் போட்ட அறை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் தாயாரைச் சேவிக்கப் போகிறவர்களோடு நெருக்கி உட்கார்ந்து போவேன். அவர்கள் மடியில் பூவும் தேங்காயும், என் மடியில் அளவுகோலும் நோட்டும். வகுப்பில் கட்டம் கட்டமாகக் கோடு போடக் கற்றுக்கொடுத்தார்கள். எந்த வேலை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும், எந்த வேலை பிந்தினால் எல்லாமே பிந்தும் என்பதெல்லாம் அந்தக் கோடுகளில் தெரிந்துவிடும். ஐம்பது வயதுக்கு மேல் கலர் பென்சில் வாங்கியது எனக்கே வேடிக்கையாக இருந்தது. பெட்டிகளுக்குப் பச்சை, பெயின்டுக்கு ஆரஞ்சு, தண்ணீரில் இறக்குவதற்கு நீலம். நீலக் கட்டங்கள் நான்கும் ஒரே அளவில், தினமும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்குவதாக அழகாக வந்திருந்தன.

அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"சார், இது இன்னா ஒம்போது மணி?"

"ஆபீஸ் டைம்தானே மேடம்."

"சமுத்திரத்துக்கு ஆபீஸ் டைம் தெரியாது சார். தண்ணி எப்ப ஏறுதோ அப்பதான் பெட்டி மெதக்கும். ஒவ்வொரு நாளும் அம்பது நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசைய ஒட்டி நாலு நாள்தான் நமக்கு வேண்டிய ஒசரம் ஏறும். அந்த நாலு நாள் உட்டா அடுத்த பதினஞ்சு நாள் உக்காந்துக்கினு இருக்கணும்."

அன்று மத்தியானம் கொட்டகைக்கு வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் ஏறி இறங்கும் நேர அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. அவள் அனுப்பிய தாள்கள். ஒவ்வொரு நாளுக்கும் தண்ணீர் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று அடுத்த வருஷம் வரைக்கும் அச்சடித்திருந்தது. என் மகளின் கல்யாணம் எந்த மாதம் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த மாதத்தின் ஒவ்வொரு நாளும் கடல் எத்தனை மணிக்கு நிமிரும் என்று அந்தத் தாளுக்குத் தெரிந்திருந்தது. படிக்கப் படிக்கக் கண் சொருகியது. தோப்புக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி வருவதுபோலவும், மாமரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதுபோலவும், காய்கள் காம்பிலிருந்து விடுபட்டு மிதந்து கொட்டகையை நோக்கி வருவதுபோலவும் இருந்தது. வெல்டிங் ராடு கேட்டு ஒருவர் தோளைத் தட்டியபோது செருப்பைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்துதான் இருந்தது.

கழியில் பெட்டிகளை இழுத்துச் செல்ல ஒரு படகு பேசியிருந்தார்கள். அந்தப் படகை நடத்தும் சரங்கு அறுபதை நெருங்கிய தெலுங்குக்காரர். தமிழ் கொஞ்சம் வரும். முதல் தடவை போனில் பேசியபோதே என் கலர் பென்சில் திட்டத்தைக் கலைத்துவிட்டார்.

"காகிதம்ல தொம்மிதின்னரயா? அதி ரேவுக்கு சார், பெரிய துறைமுகத்துக்கு. மா கழிக்கு வரதுக்கு இன்கா கண்ட்டக்கு மேல ஆவும். போட்டு மெல்ல நடந்து வரும். லாரில வராது."

நான்காம் நாளுக்குத் தாளில் இருந்த ஒன்பதரை பெரிய துறைமுகத்து நேரம், கழிக்கு வர இன்னும் ஒரு மணிக்கு மேல் ஆகும் என்கிறார். "போட்டுன்னா?" என்று கேட்டேன்.

"போட்டு தெரியாதா? நீள்ளு ஏறுது கதா, அதி போட்டு. எறங்கறது பாட்டு. கொண்ட தேசத்து சார்கிட்ட பேசினா இதான் கஷ்டம்."

மலைநாட்டு ஆள் என்று என்னைச் சொல்கிறார். நாகலாபுரத்து மலைகள் ஜன்னல் வழியே தெரிந்தன. மறுக்க முடியவில்லை.

போட்டு என்றால் கடலில் தண்ணீர் ஏறும் நேரம். எங்களுக்குத் தெரிந்த போட்டு வேறு. திருமலையில் லட்டு பிடிக்கும் மடைப்பள்ளியைப் போட்டு என்பார்கள். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "அப்ப பொட்டிய எறக்கினா கையில ஆளுக்கு ஒரு லட்டு குடுப்பாங்களா?" அன்று முழுவதும் அந்தச் சொல் வாயில் இனித்துக்கொண்டிருந்தது. புதிதாகக் கற்றுக்கொண்ட சொல்லைப் பையன்கள் மாதிரி எல்லா இடத்திலும் எழுதினேன். நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் போட்டு 8.15, போட்டு 9.05, போட்டு 9.55, போட்டு 10.45. நான்கு பெட்டிகளுக்கு நான்கு காலைகள்.

என் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தூர் காலத்திலிருந்தே எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் நோட்டில் குறிப்பேன், ஆனால் கடைசிச் சொல்லை விட்டுவிடுவேன். வெல்டிங் முடிச்சாச்சு என்பதை 'வெல்டிங் முடிச்சு' என்று நிறுத்துவேன். 'பெயின்ட் அடிச்சு.' 'நம்பர் எழுதி.' அந்த 'ஆச்சு' என் மனதில் இருக்கும், காகிதத்தில் இருக்காது. எல்லாம் தமிழ் எழுத்துதான். தெலுங்குச் சொல்லானாலும் தமிழில்தான் எழுதுவேன். இந்தப் பக்கத்து ஆள்கள் பாதிப் பேர் இப்படித்தான். வாய் இரண்டு பாஷை பேசும், கை ஒன்றைத்தான் எழுதும்.

பெட்டிகள் ஒவ்வொன்றாக முடிந்தன. பெட்டிக்குள் மூன்று அறைகள், ஒவ்வோர் அறைக்கும் அடியில் ஒரு பிளக். தொட்டியின் அடியில் இருக்கும் அதே மாதிரியான திருகு மூடிதான். உள்ளே காற்றை அழுத்தி, வெல்டிங் ஓடிய கோடுகள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுவோம். எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் நுரை குமிழ் விடும். அந்த நாள்களை நினைத்தால் இப்போதும் மனம் லேசாகிறது. கொட்டகையின் தகரக் கூரைப் பொத்தல்களிலிருந்து வெயில் காசு காசாக விழும். சாம்பல் நிறப் பெட்டிகள், குளித்துவிட்டுக் கிடக்கும் எருமைகள் மாதிரி ஈரமாக மின்னும். பத்துப் பேர் சத்தம் போடாமல் ஒரு குமிழுக்காகக் காத்திருப்போம். நான்காவது பெட்டியின் ஓரத்து அறையில் ஒன்று வந்தது. சின்னது. வானவில் நிறத்தோடு ஊதி, நின்று, உடைந்தது. பிறகு அதே இடத்தில் இன்னொன்று.

அந்த இடத்தைச் செதுக்கி மறுபடி வெல்டிங் செய்தோம். இந்தத் தடவை உள்ளே தண்ணீர் நிரப்பியே பார்த்தோம், ஒரு சொட்டு கசியவில்லை. அடியிலிருந்த பிளக்கைத் திறந்து தண்ணீரை வெளியேற்றினோம். அன்று சாயங்காலம் சரங்கிடம் பேசும்போது இதைச் சொன்னேன்.

"பிளக்கு இப்ப மூயொத்து சார்," என்றார். "உள்ள ஈரம் நிக்கும், துரு பிடிக்கும். தெறந்தே ரானீ. இக்கட வந்து, போட்டுக்கு முந்து பெட்டலாம்."

இப்போது மூட வேண்டாம், திறந்தபடியே வரட்டும், இங்கே வந்த பிறகு தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் மூடிக்கொள்ளலாம் என்கிறார். சரியான யோசனை. நோட்டை எடுத்து, நான்காம் எண்ணுக்கு நேரே எழுதிக்கொண்டேன்: பிளக் போட்டு.

பிளக்கை மூட வேண்டிய நேரம் போட்டு. அந்தச் சாயங்காலம் அந்த இரண்டு சொல்லுக்கு அதைத் தவிர வேறு அர்த்தம் எதுவும் இருக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, பெட்டிகளை டிரெய்லரில் ஏற்றும் காலையில், ஒப்படைப்புத் தாளை நிரப்ப உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள், ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டம். நோட்டைப் பார்த்துப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்றாம் பெட்டி: வெல்டிங் முடிச்சு, பெயின்ட் அடிச்சு, நம்பர் எழுதி, பிளக் போட்டு. டிக். இரண்டாம் பெட்டி, அதேதான். மூன்றாம் பெட்டி, அதேதான். நான்காம் பெட்டி: வெல்டிங் முடிச்சு, பெயின்ட் அடிச்சு, நம்பர் எழுதி, பிளக் போட்டு.

டிக். கீழே கையெழுத்து.

முதல் மூன்று நாள்களும் நான் கழிக்குப் போகவில்லை. போனில் படங்கள் வந்தன. நான்காவது நாள் முதலாளி, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், உங்கள் வேலைதானே என்றார். விடியற்காலை பஸ் ஏறி, தடா வழியாகப் போய், அங்கிருந்து அவர்களுடைய ஜீப்பில் போனேன். முதல் தடவையாக என் பெட்டிகளைத் தண்ணீரில் பார்த்தேன். கொட்டகையில் தரையை அழுத்திக்கொண்டு கிடந்தவை அங்கே எடையே இல்லாதவை போல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. மூன்றும் ஒன்றோடொன்று கயிற்றால் இணைந்திருந்தன. அவற்றின் மேல் ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்தது. நான்காவது பெட்டி சேற்றுச் சரிவில், மரக்கட்டைகள் மேல், தண்ணீருக்குக் காத்திருந்தது.

மகள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும் வெள்ளை ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு கையில் என் தாளோடு வந்தாள்.

"வாங்க சார். இன்னிக்கி தண்ணி கொஞ்சம் அவசரமா கீது."

உண்மைதான். கிழக்கிலிருந்து காற்று அடித்தது. தண்ணீர் சொன்ன நேரத்துக்கு முன்பே கட்டைகளை நனைக்கத் தொடங்கியிருந்தது. சரங்கு படகிலிருந்து கத்தினார், "போட்டு ஒச்சேஸ்துந்தி! அம்மாயி, கயிறு!" ஏறுகிறது, வந்துவிட்டது, கயிறு எங்கே என்று. மகள் தாளைப் பார்த்தாள், என் கையெழுத்தைப் பார்த்தாள், பேனாவால் ஒரு கோடு இழுத்தாள், பெட்டியின் மேல் ஏறிவிட்டாள்.

பெட்டி மிதந்தது. எந்தச் சத்தமும் இல்லை. கட்டைகளை விட்டு எழுந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை, என் உடம்பில் ஏதோ ஒன்று லேசானதை வைத்துத்தான் தெரிந்தது. படகு இழுத்தது. பெட்டி கரையை விட்டு, மற்ற மூன்றையும் நோக்கி, நடுக் கழிக்குப் போனது. தண்ணீர் முழுக்க ஏறி நின்ற நேரம் அது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பத்து நிமிஷம் அப்படி நிற்கும் என்று பிறகு சொன்னார்கள். காற்றுகூட அடங்கியதுபோல இருந்தது. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். நடுவில் ஆரஞ்சாக என் மகள். அவள் நிற்கும் தரையை நான் செய்தேன் என்று நினைத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

அவள் தலை கொஞ்சம் சாய்ந்திருப்பதுபோலத் தெரிந்தது. தலை சாயவில்லை. பெட்டிதான் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு மூலை தண்ணீரைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தது. ஈரத் தகட்டில் அவள் கால் நழுவியது. உட்கார்ந்தாள், கையை ஊன்றினாள், மூன்றாவது பெட்டிக்கும் நான்காவது பெட்டிக்கும் நடுவிலிருந்த இடைவெளியை நோக்கிச் சறுக்கினாள்.

"நைனா!"

வேலை நடக்கும் இடத்தில் அவள் என்னை ஒருபோதும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் ஓடினேன் என்கிறார்கள். முழங்கால் வரை சேற்றில் நின்றது மட்டும்தான் எனக்குத் தெரியும். சரங்கு படகின் மூக்கை, பழைய டயர்கள் கட்டிய அந்த மூக்கை, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் கொண்டுபோய்ச் செருகினார். இரண்டு பெட்டிகளும் டயர்களில் மோதி நின்றன. இல்லாவிட்டால் அவள் மேல் மோதியிருக்கும். படகில் இருந்த ஓர் ஆள் நீண்ட கொக்கியால் அவள் மிதவைச் சட்டையின் வாரைப் பிடித்து இழுத்தான். அவ்வளவும் சேர்ந்து ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட இருக்காது. எனக்கு அது இன்னும் முடியவில்லை.

கரைக்குக் கொண்டுவந்தபோது அவள் உதடு நீலமாக இருந்தது. ஹெல்மெட்டைக் காணோம். மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "பெட்டிய இழுத்துச் சேத்துல ஒக்கார வெக்கச் சொல்லு, தண்ணி எறங்கறதுக்குள்ள."

ஓரத்து அறையின் அடிப் பிளக் இல்லாமல் வெறும் ஓட்டையாக இருந்ததை அன்று சாயங்காலம், தண்ணீர் வற்றிய பிறகு பார்த்தார்கள்.

எப்படி என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு நாள் புரியவில்லை. டிக் போட்டது நினைவிருக்கிறது, நோட்டைப் பார்த்துப் போட்டதும் நினைவிருக்கிறது. ஆகவே யாரோ கழற்றியிருக்க வேண்டும் என்று கோபமாகக்கூட இருந்தது. டிரெய்லர்காரரைச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் மகள் வீட்டில், மாவுக்கட்டுக் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, வலது கையால் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை. பின்னாலிருந்து படித்தேன். காரணம் என்ற இடத்தில், பட்டறை சரியாகக் கொடுத்திருந்தும் சைட் இன்ஜினியர் இறக்குவதற்கு முன் பிளக்குகளை நேரில் சரிபார்க்கவில்லை என்று எழுதியிருந்தாள்.

"இப்படி எழுதினா உன்ன எடுத்துடுவாங்களே?"

"எடுத்தா எடுக்கட்டும். மொத மூணு பெட்டிக்கும் சேத்துல படுத்துப் பாத்தேன். நாலாவதுக்குப் படுக்கல."

"ஏன் படுக்கல?"

திரும்பிப் பார்த்தாள். "தண்ணி வந்துட்ச்சி. அப்புறம், உன் கையெழுத்து இருந்துச்சே நைனா."

நான் வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். மத்தியானம். பட்டறைக்குப் போனபோது சாப்பாட்டு நேரம், கொட்டகை காலியாக இருந்தது. நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பிளக் போட்டு. மறுபடி படித்தேன். பிளக் போட்டு. நான்கு எண்களுக்கு நேரேயும் என் கையெழுத்தில் ஒரே இரண்டு சொற்கள். நான்காவதில் மட்டும் மை வேறு, மற்ற மூன்றும் நீலம், இது கறுப்பு. அந்தக் கறுப்பு மைப் பேனா எப்போது என் கையில் இருந்தது? சரங்கோடு பேசிய அந்தச் சாயங்காலம், போனுக்குப் பக்கத்தில் கிடந்த பேனா அது. அவருடைய குரல் காதில் கேட்டது, போட்டுக்கு முந்து. அந்தச் சொல் என் கண்முன்னே பாஷை மாறியது. மூன்று வரி தமிழில் இருந்தது, போட்டாச்சு என்று. நான்காவது வரி தெலுங்கில் இருந்தது, தண்ணீர் ஏறும்போது என்று. நான்கையும் நான் தமிழிலேயே படித்திருந்தேன்.

கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூரைப் பொத்தலிலிருந்து விழுந்த வெயில் அந்தப் பக்கத்தின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தைப் பற்றி உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கிழித்துவிட்டால் எனக்கும் தெரியாது. இதை நான் நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். மகளின் அறிக்கை போய்விடும், அவள் வேலை போகும், திருப்பதியில் வேறு வேலை பார்த்துக்கொள்வாள், கடல் பக்கமே போக மாட்டாள். ஒரு தகப்பனுக்கு அது நிம்மதியாகக்கூட இருக்கும். அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது. எழுந்து அவளுக்குப் போன் செய்தேன். அறிக்கையை அனுப்பாதே, நாளைக்கு மீட்டிங்கில் நான் பேசுகிறேன் என்றேன்.

மறுநாள் காலை வீடியோ மீட்டிங். அவளுடைய கம்பெனியில் பெரியவர் ஒருவர், எங்கள் முதலாளி, படகிலிருந்து சரங்கு, மகள், நான். ஒரே வீட்டில் அவள் ஓர் அறையிலும் நான் கூடத்திலும் உட்கார்ந்திருந்தோம். நான் சொல்லத் தொடங்கினேன். பிளக், போட்டு, தெலுங்கு, தமிழ் என்று துண்டு துண்டாக வந்தது. பெரியவருக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. சைட் இன்ஜினியர், இவர் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பக்கத்து அறையில் அவள் மூச்சு விடுவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"சார்," என்றாள், "அந்தப் பக்கத்த கேமராவுக்குக் காட்டுங்க."

காட்டினேன். அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள், எந்த வரி எந்தப் பாஷை என்று. என்னைக் காப்பாற்றும் விதமாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, குறைக்கவும் இல்லை. சரங்கு மட்டும் படகிலிருந்து தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, நா நோட்டிலோ மாட்ட!" என் வாயிலிருந்து வந்த சொல்லாயிற்றே என்கிறார். தாளில் டிக்கைப் பார்த்து, பட்டறையிலேயே மூடிவிட்டீர்கள் என்று அவரும் விட்டுவிட்டாராம்.

படுத்துப் பார்க்காதது தன் தவறு என்ற வரியையும் எடுக்க மறுத்துவிட்டாள். இரண்டும் அறிக்கையில் போயின. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை. என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். எடுத்துவிட்டு யாரைப் போடுவது, இந்தத் தப்பை இனிமேல் செய்யாத ஒரே ஆள் நீங்கள்தானே என்றார்.

மீட்டிங் முடிந்த அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது என் மனைவி எங்கள் இருவருக்கும் பரிமாறிக்கொண்டே கேட்டாள், "அப்ப லட்டு கெடையாதா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு சோறு பிசைந்துகொண்டிருந்தவள், பிசைவதை விட்டுவிட்டுச் சிரித்தாள். "தெலுங்குல எழுதி தமிழ்ல படிச்சிக்கினு... நல்ல வேள நைனா, உனக்கு இந்தி தெரியாது." நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் தட்டில் தண்ணீர் விழுந்தது, அது எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

ஒப்படைப்புத் தாளை அவள் மாற்றினாள். பிளக்குகளுக்கு இப்போது டிக் கிடையாது. அந்தக் கட்டத்தில் எத்தனை சுற்றுத் திருகியது என்று எண் எழுத வேண்டும். பக்கத்தில் இன்னொரு கட்டம், கை வைத்துப் பார்த்தவர் யார் என்று. போட்டு என்ற சொல் பட்டறையிலும் சைட்டிலும் காகிதத்தில் வரக் கூடாது. வாயில் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம்.

போன மாதம் அதே கழிக்கு இன்னும் இரண்டு பெட்டிகள் செய்தோம். இந்தத் தடவை முதல் நாளே போனேன். தண்ணீர் வற்றிக் கிடந்தது. நண்டுகள் சேற்றில் ஓடி எழுதிவைத்த கோடுகள் மட்டும் தெரிந்தன. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, மரக்கட்டைகளுக்கு நடுவில் முதுகு சேற்றில் பதிய, பெட்டிக்கு அடியில் நகர்ந்து போனேன். மூக்குக்கு ஒரு சாண் மேலே நான் செய்த இரும்பு. இருட்டு, குளிர்ச்சி, பெயின்ட் வாசனையோடு உப்பு வாசனை. முதல் அறையின் பிளக்கைத் தொட்டேன். இரண்டாவது. மூன்றாவது. மூன்றாவதில் கையை எடுக்க மனம் வரவில்லை. அந்தத் திருகின் தலை உள்ளங்கையில் சரியாக அடங்கியது, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுடைய முழங்கை அடங்கியதுபோல. தூரத்தில் தண்ணீர் திரும்பும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. சேறு முழுவதும் மெல்ல உதடு பிரிப்பதுபோல ஒன்று. அப்படியே தூங்கிவிடலாம்போல இருந்தது.

மேலே இரும்பில் பூட்ஸ் சத்தம். அவள் ஏறிவிட்டாள். என் கை மறுபடி பிளக்கைத் தொட்டுப் பார்த்தது.

"கை வெச்சீங்களா சார்?"

"வெச்சேன் மேடம். மூணும் எட்டுச் சுத்து."

"எந்தப் பாஷைல?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குதிகாலில் தண்ணீர் பட்டது. சூடாக இருந்தது, வெயிலில் கிடந்த சேற்றின் மேல் நடந்து வந்த தண்ணீர். நான் வெளியே நகர்ந்து வந்து, கரையில் நின்று, முதுகுச் சேறு காயக் காயப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி எழுந்தது. படகு இழுத்தது. அவள் நடுக் கழியில் கயிற்றோடு குனிந்திருந்தாள். நான் பெட்டியின் நான்கு மூலைகளையும் மாறி மாறிப் பார்த்தேன், தண்ணீர் ஏறி நின்ற அந்தப் பத்து நிமிஷமும்.

"சார்!" என்று அங்கிருந்து கத்தினாள். "ரெண்டாவது கயிறு அனுப்புங்க சார்!"

சார் என்றுதான் கூப்பிட்டாள். நான் மூச்சு விட்டேன். குனிந்து கயிற்றை எடுத்தேன்.